திரும்பும் கப்பலில் ஏறாதவர்: அப்துர் ரஹ்மான் பெஷாவரி

வெளிநாட்டுப் பயணம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. விசா வந்த நாளிலிருந்தே வீடு பரபரப்பாகிவிடும். பெட்டியின் எடையை மூன்று முறை நிறுத்துப் பார்ப்போம். உம்மா பொடி வகைகளை வறுத்துக் கட்டுவார். வாப்பா ஒவ்வொரு வக்துக்கும் பள்ளியில் துஆ செய்யச் சொல்வார். உறவினர் வீடுகளுக்குப் போய் ஸலாம் சொல்லி, பொருத்தம் கேட்டு, கடைசியாக இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வாசலைத் தாண்டுவது நம் வழக்கம்.

இவற்றில் பெரும்பாலானவை குடும்பத்துக்காகப் பொருளீட்டப் போகும் பயணங்கள். அதில் குறையேதும் இல்லை. ஹலாலான சம்பாத்தியமும் இபாதத்துதான். ஆனால் சம்பளம் இல்லாமல், எப்போது திரும்புவோம் என்ற தேதியும் இல்லாமல், முன்பின் அறியாத மக்களுக்குப் பணிவிடை செய்வதற்காக ஒருவர் வீட்டை விட்டுப் புறப்பட்டால், அவர் எதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்? அவருடைய பெட்டியில் என்ன இருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு ஒருவருடைய வாழ்க்கையை இங்கே பார்ப்போம். துருக்கி நாட்டில் அவரைப் பெஷாவர்லி அப்துர் ரஹ்மான் பே என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். பிறந்த ஊரில் அவர் துருக்கி லாலா என்று அறியப்பட்டார். மூத்த சகோதரரை லாலா என்று அழைப்பது அந்தப் பகுதியின் வழக்கம். துருக்கிக்குப் போன அண்ணன் என்பதே அந்தப் பெயரின் பொருள்.

வசதியான வீட்டுப் பிள்ளை

அப்துர் ரஹ்மான் 1886ஆம் ஆண்டு பெஷாவர் நகரில் பிறந்தார். இன்று பாகிஸ்தானில் இருக்கும் அந்த நகரம் அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் இருந்தது. தந்தை ஹாஜி குலாம் ஸம்தானி ஊரில் பெயர் பெற்ற செல்வந்தர். வீட்டில் பணத்துக்கும் மரியாதைக்கும் பஞ்சமில்லை. பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைத்தார்கள்.

அக்காலத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம் தன் பிள்ளைக்கு நவீனக் கல்வி கொடுக்க நினைத்தால் அதன் கண்கள் முதலில் அலிகரை நோக்கித் திரும்பும். சர் ஸையித் அஹ்மத் கான் நிறுவிய முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரி அங்கே இருந்தது. பிற்காலத்தில் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்லூரி அதுதான். அப்துர் ரஹ்மானும் அங்கே சேர்ந்தார். படிப்பை முடித்திருந்தால் அரசுப் பதவியோ வழக்கறிஞர் தொழிலோ குடும்ப வணிகமோ அவருக்குக் காத்திருந்தது. எந்தப் பெற்றோரும் மகிழக்கூடிய பாதை அது.

1912இன் அழைப்பு

1912 அக்டோபர் மாதத்தில் பால்கன் போர் மூண்டது. மாண்டினீக்ரோ, செர்பியா, பல்கேரியா, கிரீஸ் ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து உஸ்மானியப் பேரரசைத் தாக்கின. சில வாரங்களிலேயே உஸ்மானியப் படை பின்வாங்கியது. எதிர்ப் படை இஸ்தான்புல்லுக்கு அருகில் உள்ள சத்தால்ஜா அரண்வரை வந்துவிட்டது. நூற்றாண்டுகளாக வாழ்ந்த கிராமங்களை விட்டு முஸ்லிம் குடும்பங்கள் மாட்டு வண்டிகளில் தலைநகரை நோக்கி ஓடி வந்தன. காயம்பட்ட வீரர்களாலும் அகதிகளாலும் நகரம் நிரம்பியது. காலராவும் பரவியது.

இந்தச் செய்திகள் இந்திய முஸ்லிம்களை உலுக்கின. கிலாபத்தின் தலைநகரம் ஆபத்தில் இருக்கிறது என்ற உணர்வு ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோரையும் பற்றியது. பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். அலிகர் மாணவர்கள் தங்கள் விடுதி உணவைக் குறைத்து, மிச்சப்பட்ட பணத்தை நிவாரண நிதிக்கு அனுப்பினார்கள். மௌலானா முஹம்மது அலி தம் காம்ரேட் வார இதழின் மூலம் நிதி திரட்டினார். பணம் மட்டும் போதாது, மருத்துவர்களே நேரில் போக வேண்டும் என்ற யோசனை பிறந்தது.

அந்த மருத்துவக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்ஸாரி. இவருக்கும் நம் தமிழகத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. உத்தரப் பிரதேசத்தின் காஸிப்பூர் பகுதியில் பிறந்த அன்ஸாரி, மருத்துவம் படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். பிறகு இங்கிலாந்து சென்று உயர்படிப்பு முடித்து, லண்டன் மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை நிபுணராகப் பணியாற்றித் திரும்பினார். 1912இல் அவருக்கு 32 வயதுகூட நிறையவில்லை. டெல்லியில் நல்ல வருமானத்துடன் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த வருமானத்தை விட்டுவிட்டுப் புறப்படத் தயாரானார்.

குழுவில் மருத்துவர்களோடு, காயத்துக்குக் கட்டுப் போடவும் நோயாளிகளைத் தூக்கவும் பராமரிக்கவும் தொண்டர்கள் தேவைப்பட்டார்கள். அலிகர் மாணவர்கள் சிலர் முன்வந்தார்கள். பிற்காலத்தில் அரசியலில் பெயர் பெற்ற சௌத்ரி கலீக்குஸ்ஸமான், ஷுஐப் குரைஷி, அப்துர் ரஹ்மான் ஸித்தீக்கி ஆகியோர் அவர்களில் இருந்தார்கள். நம் அப்துர் ரஹ்மான் பெஷாவரியும் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பெயர் கொடுத்தார். அவருக்கு வயது 26.

அவர் விற்றவை

இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. பயணச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டபோது அவர் வசதி படைத்த தம் தந்தையிடம் கேட்கவில்லை. தம்மிடம் இருந்த சொந்தப் பொருள்களை விற்றார். அந்தப் பணத்தில்தான் பயணச் செலவைச் சமாளித்தார்.

கேட்டிருந்தால் தந்தையால் கொடுத்திருக்க முடியும். ஆனால் ஒருவர் தம் உடைமைகளை விற்றுப் புறப்படும்போது, அந்தப் பணி முதலில் அவருக்கே ஒரு விலையைக் கேட்டுவிடுகிறது. ஆசைப்பட்டு வாங்கிய பொருள் கையை விட்டுப் போகும்போது, நாம் உண்மையிலேயே போக நினைக்கிறோமா, அல்லது நண்பர்கள் போகிறார்கள் என்பதற்காகத் துள்ளுகிறோமா என்பது தெரிந்துவிடும். நிய்யத் நாவில் இருக்கிறதா, உள்ளத்தில் இருக்கிறதா என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை.

நம் மார்க்கமும் இதைக் கற்றுத் தருகிறது. யமன் நாட்டவர் சிலர், அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, வழிச்செலவுக்கு எதுவும் எடுக்காமல் ஹஜ்ஜுக்கு வருவார்கள். மக்கா வந்ததும் பிறரிடம் கையேந்துவார்கள். அப்போதுதான் பயணத்துக்கான பொருளை எடுத்துக்கொள்ளுமாறு சூரத்துல் பகராவில் கட்டளை இறங்கியது. தக்வாவே மிகச் சிறந்த கட்டுச்சோறு என்பதும் அதே வசனத்தில் வருகிறது. கையில் இருக்க வேண்டியதும் உள்ளத்தில் இருக்க வேண்டியதும் ஒரே இடத்தில் சொல்லப்பட்டன. அல்லாஹ்வுக்காகப் போகிறோம் என்பதால் ஆயத்தம் தேவையில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அதேபோல, நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட இரவை எண்ணிப் பாருங்கள். உயிருக்கே ஆபத்தான அந்த வேளையிலும், தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த அமானிதங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். அந்த அமானிதங்களுக்குச் சொந்தக்காரர்கள் மக்கத்துக் குறைஷிகளே. ஊரை விட்டுப் போகிறவர் மீது ஊராருக்கு இருக்கும் உரிமை போகும்போது அழிந்துவிடுவதில்லை.

கப்பலும் களமும்

1912 டிசம்பர் 15ஆம் தேதி அன்ஸாரியின் குழு பம்பாயிலிருந்து கப்பல் ஏறியது. குழுவில் இருபதுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அப்போது பிரிட்டன் அந்தப் போரில் நடுநிலை வகித்தது. வைஸ்ராய் ஹார்டிஞ்சின் அனுமதியோடுதான் குழு புறப்பட்டது. எனவே இது சட்டத்துக்கு உட்பட்ட, வெளிப்படையான பயணம். ஊர் ஊராக வழியனுப்பு விழாக்கள் நடந்தன. மக்கள் துஆவோடும் கண்ணீரோடும் அனுப்பி வைத்தார்கள்.

மாத இறுதியில் இஸ்தான்புல் சேர்ந்தார்கள். களம் அவர்கள் கேள்விப்பட்டதைவிடக் கடுமையாக இருந்தது. குளிர் காலம். காயம்பட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். குழு மருத்துவமனை அமைத்து அறுவைச் சிகிச்சைகள் செய்தது. படிப்பாளிகளான அலிகர் இளைஞர்கள் புண்ணைக் கழுவிக் கட்டினார்கள், படுக்கையை மாற்றினார்கள், கழிவை அள்ளினார்கள். வேலையாட்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு இந்த வேலை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். தொண்டு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பெயர் தெரியாத வேலைகள்தாம். மேடைகளில் இவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1913 பிப்ரவரியில் போர் மீண்டும் வெடித்தது. மார்ச் மாதத்தில், பல மாதம் முற்றுகையைத் தாங்கிய எதிர்னே நகரம் விழுந்தது. மே மாதம் லண்டனில் உடன்படிக்கை கையெழுத்தானது. குழுவின் பணி முடிவுக்கு வந்தது. 1913 ஜூலையில் அன்ஸாரியும் குழுவினரும் தாயகம் திரும்பினார்கள். இந்திய முஸ்லிம்கள் அவர்களைக் கொண்டாடி வரவேற்றார்கள்.

அப்துர் ரஹ்மான் பெஷாவரி அவர்களுடன் திரும்பவில்லை.

இரண்டாவது புறப்பாடு

அவருடைய வாழ்க்கையின் மையம் இதுதான் என்று நாம் கருதுகிறோம். பம்பாயில் கப்பல் ஏறியது அவருடைய முதல் புறப்பாடு. அப்போது உடன் நண்பர்கள் இருந்தார்கள், வழியனுப்ப மக்கள் இருந்தார்கள், சில மாதங்களில் திரும்பிவிடுவோம் என்ற எண்ணமும் இருந்தது. திரும்பும் கப்பலில் ஏறாமல் நின்றது இரண்டாவது புறப்பாடு. அதற்கு மாலையும் இல்லை, கூட்டமும் இல்லை. தாய்மொழி பேசும் கடைசித் தோழர்களும் போய்விட்ட பிறகு, அந்நிய நகரில் அவர் தனியாக நின்றார்.

குழுவோடு திரும்பியவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் ஏற்ற பணியை முழுமையாக முடித்தார்கள். தாயகத்தில் அவர்களுக்காக வேறு பணிகள் காத்திருந்தன. அன்ஸாரி அவர்களே பின்னர் இந்திய விடுதலைப் போராட்டத்தில் முன்னணித் தலைவரானார். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவைக் கட்டிக் காத்தவர்களில் ஒருவர். 1936இல் வஃபாத்தான அவர் டெல்லியில் அந்தக் கல்வி வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஊர் திரும்பிச் செய்யும் பணியும் பணிதான்.

ஆனால் தங்கியவரின் தயாரிப்பு வேறு வகையானது. விருந்தாளியாகப் போனவருக்கு மொழிபெயர்ப்பாளர் போதும். அங்கேயே வாழப்போகிறவர் அந்த மண்ணின் மொழியைப் பேச வேண்டும், அவர்கள் உண்பதை உண்ண வேண்டும், அவர்களுடைய துக்கத்தைத் தன் துக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பெஷாவரி அதைச் செய்தார். சில ஆண்டுகளில் அந்த நாட்டின் சார்பாகவே வெளிநாட்டில் பேசும் அளவுக்கு அம்மக்கள் அவரை நம்பினார்கள்.

உஸ்மானிய ராணுவத்தில் அதிகாரியாவதற்கான பயிற்சியை அவர் பெற்றார். இஸ்தான்புல்லிலும் பெய்ரூத்திலும் பயிற்சி நடந்தது. 1914 இறுதியில் உஸ்மானிய அரசு முதல் உலகப் போரில் நுழைந்தது. இந்த முறை பிரிட்டன் எதிர்ப்பக்கத்தில் நின்றது. 1915இல் பிரிட்டனும் அதன் நேச நாடுகளும் கல்லிப்போலி தீபகற்பத்தில் படைகளை இறக்கின. துருக்கியர் சனக்கலே போர் என்று போற்றும் அந்தப் போரில் பெஷாவரி பங்கெடுத்தார். மூன்று முறை காயமடைந்தார். பிரிட்டிஷ் படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஒரே நாட்டில் பிறந்தவர்கள் இரண்டு பக்கத்திலும் நின்றார்கள்.

இந்த இடத்தில் நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது நம் கடமை. பெஷாவரி ஒரு முறையான அரசின் ராணுவத்தில், அந்தக் காலத்தின் சூழலில், பயிற்சி பெற்ற அதிகாரியாகப் பணியாற்றினார். அவருடைய நாடு அப்போது அந்நியரின் பிடியில் இருந்தது. அந்தப் பக்கத்தை எடுத்து இன்றைய நாட்களின் மீது அப்படியே ஒட்டக்கூடாது. சமூக ஊடகத்தில் யாரோ ஏற்றிவிட்ட உணர்ச்சியில், பெற்றோருக்கும் தெரியாமல், நாட்டின் சட்டத்தையும் மீறி ஓடுவதற்கு இந்த வாழ்க்கையில் எந்த ஆதாரமும் இல்லை. அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டது காயத்துக்குக் கட்டுப் போடத்தான், அதுவும் அனுமதியோடு. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முன்மாதிரி அந்தக் கட்டுத்துணிதான்.

பேனாவும் தூதும்

1918 அக்டோபர் இறுதியில் உஸ்மானிய அரசு போரை நிறுத்தி ஒப்பந்தம் செய்தது. நேச நாட்டுப் படைகள் இஸ்தான்புல்லுக்குள் வந்தன. 1920 மார்ச் 16ஆம் தேதி நகரம் முறைப்படி ஆக்கிரமிக்கப்பட்டது. பெஷாவரியின் நெருங்கிய நண்பரும் கடற்படைத் தளபதியுமான ரவூஃப் பே கைது செய்யப்பட்டு மால்டா தீவுக்கு அனுப்பப்பட்டார். பெஷாவரி அங்காராவில் உருவான தேசிய இயக்கத்தில் சேர்ந்தார்.

1920 ஏப்ரல் 6ஆம் தேதி அங்காராவில் அனடோலு செய்தி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் தொடக்க காலப் பணியாளர்களில் பெஷாவரியும் ஒருவர். இன்று உலகம் முழுவதும் செய்தி தரும் அந்த நிறுவனத்தின் வரலாற்றில் பெஷாவரில் பிறந்த இந்த இளைஞருக்கு ஓர் இடம் இருக்கிறது. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யப் போனவர், தேவை மாறியபோது பேனாவைப் பிடித்தார். நீண்ட காலத் தொண்டில் இருப்பவர், எனக்கு இந்த வேலைதான் தெரியும் என்று உட்கார்ந்துவிட முடியாது. தேவைப்படுவதைக் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறகு அங்காரா அரசு அவரை ஆப்கானிஸ்தானுக்கான தன் முதல் தூதராக நியமித்தது. 1919இல்தான் ஆப்கானிஸ்தான் முழு விடுதலை பெற்றிருந்தது. அமானுல்லாஹ் கான் ஆட்சியில் இருந்தார். 1922வரை பெஷாவரி அந்தப் பொறுப்பில் இருந்தார். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர், உலகப் போரின்போது மதீனாவைக் காத்து நின்றவர் என்று புகழ்பெற்ற ஃபக்ரி பாஷா.

ஆயத்தம் இல்லாத பயணம்

பெஷாவரி காபூலுக்குத் தூதராகப் போவதற்குச் சற்று முன்பு, அதே 1920ஆம் ஆண்டின் கோடையில், அவருடைய சொந்த ஊர் ஒரு பெரும் துயரத்தைக் கண்டது. கிலாபத் இயக்கத்தின் உணர்ச்சி அலையில், பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் வாழ்வதைவிட ஆப்கானிஸ்தானுக்கு ஹிஜ்ரத் செய்வதே மேல் என்ற அழைப்பு பரவியது. சிந்து, பஞ்சாப், எல்லைப்புற மாகாணம் ஆகிய பகுதிகளிலிருந்து பல்லாயிரம் பேர் புறப்பட்டார்கள். நிலத்தையும் வீட்டையும் கால்நடைகளையும் கிடைத்த விலைக்கு விற்றார்கள். பெஷாவர் வழியாகக் கைபர் கணவாயைக் கடந்தார்கள்.

அத்தனை பேரை ஏற்று உணவும் நிலமும் கொடுக்கும் வலிமை ஆப்கானிஸ்தானுக்கு இல்லை. ஆகஸ்ட் மாதம் அந்த நாடு மேலும் ஆட்களை ஏற்பதை நிறுத்தியது. பெரும்பாலோர் திரும்ப வேண்டியதாயிற்று. வழியில் பசியாலும் நோயாலும் பலர் இறந்தார்கள். திரும்பி வந்தவர்களுக்கு வீடும் இல்லை, வயலும் இல்லை.

அந்த மக்களின் ஈமானை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர்களுடைய உள்ளத்தை அல்லாஹ் அறிவான். ஆனால் பெஷாவரியும் விற்றார், அவர்களும் விற்றார்கள். வேறுபாடு எங்கே? அவர் விற்றது தம் சொந்த உடைமைகளை மட்டும். போகும் இடத்தில் என்ன வேலை, யாருடைய தலைமையில், எதற்காக என்பதை அவர் அறிந்திருந்தார். இவர்களோ குழந்தைகளையும் முதியோர்களையும் அழைத்துக்கொண்டு, தங்கும் இடமே தெரியாமல் போனார்கள். வழிநடத்தியவர்கள் அவர்களுக்கு ஆர்வத்தை ஊட்டினார்களே தவிர ஆயத்தத்தைக் கற்றுக் கொடுக்கவில்லை. ஆலிம்களாகிய நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. மிம்பரில் நின்று ஒருவரைப் புறப்படச் சொல்வதற்கு முன், அவர் போய்ச் சேரும் இடத்தில் அவருக்கு ஒரு வாய் சோறு இருக்கிறதா என்று நாம் விசாரித்திருக்க வேண்டும்.

கைபர் கணவாய்க்கு அப்பால்

காபூலிலிருந்து பெஷாவர் அதிகத் தொலைவில்லை. ஜலாலாபாத் வழியாக வந்து கைபர் கணவாயைத் தாண்டினால் ஊர். பல ஆண்டுகளாகக் கடல் கடந்து இருந்தவர், இப்போது தாய் வீட்டுக்கு மிக அருகில் இருந்தார். ஆயினும் பெஷாவருக்குத் திரும்பி வாழவில்லை. எல்லைக்கு அப்பால் இருந்தது பிரிட்டிஷ் ஆட்சி. அந்த ஆட்சிக்கு எதிராகப் போரிட்ட ராணுவத்தின் அதிகாரி அவர். பதவிக் காலம் முடிந்ததும் அவர் துருக்கிக்கே போனார்.

நீண்ட காலத் தொண்டுக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் உணர வேண்டிய இடம் இது. போகிறவர் ஒருவர். ஆனால் விலையைக் கொடுப்பவர்கள் பலர். பெருநாள் ஸஹனில் ஒரு இடம் காலியாக இருக்கும். நிக்காஹ்களில் ஒரு சகோதரர் இருக்கமாட்டார். வீட்டில் மௌத்து நடந்தால் கபுரில் மண் போட அந்தக் கை வராது. ஜிஹாதுக்கு அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம் நபி (ஸல்) அவர்கள் முதலில் விசாரித்தது அவருடைய பெற்றோரைப் பற்றித்தான். இருவரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்ததும், அவர்களுக்குப் பணிவிடை செய்வதிலேயே அவருடைய உழைப்பு இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். கவனிக்க ஆளில்லாத பெற்றோரை விட்டுவிட்டு உலகைக் கவனிக்கப் போவதை மார்க்கம் நன்மையாகக் கணக்கெடுக்கவில்லை. பெற்றோரின் தேவைகளுக்கு வழி செய்து, அவர்களுடைய மனநிறைவான பொருத்தத்தையும் பெற்றுக்கொண்டு போகிறவருடைய நன்மையில், அனுப்பி வைத்த பெற்றோருக்கும் பங்கு உண்டு, இன்ஷா அல்லாஹ்.

இஸ்தான்புல்லில் ஓர் இரவு

1925 மே மாதத்தில் ஓர் இரவு, இஸ்தான்புல்லில் பெஷாவரி சுடப்பட்டார். ஒரு மாதத்துக்கும் மேலாகக் காயத்தோடு போராடி, ஜூன் மாத இறுதியில் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 38. சுட்டவர்கள் பிடிபடவில்லை. தோற்றத்தில் அவர் ரவூஃப் பேயைப் போல இருப்பார். அப்போது ரவூஃப் பே எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவர். அவர் என்று தவறாக எண்ணித்தான் இவரைச் சுட்டார்கள் என்று பரவலாக நம்பப்படுகிறது. இஸ்தான்புல்லின் மச்கா கபுரஸ்தானில் அவர் அடக்கமானார்.

கேட்பவர்களுக்கு இது வீணான மரணமாகத் தோன்றலாம். போர்க்களத்தில் மூன்று முறை காயமுற்றுத் தப்பியவர், அமைதி திரும்பிய பிறகு, வேறொருவருக்கு வைத்த குறியில் விழுந்தார். ஆனால் அல்லாஹ்வுக்காகப் புறப்பட்டவருடைய கணக்கு, வாழ்க்கை எப்படி முடிந்தது என்பதில் தங்கியிருப்பதில்லை. எதற்காகப் புறப்பட்டார், புறப்பட்ட பின் எதில் நிலைத்து நின்றார் என்பதில் தங்கியிருக்கிறது. முடிவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எந்தத் தொண்டருக்கும் கொடுக்கப்படவில்லை. புறப்படும் முன் உள்ளத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டிய கடினமான உண்மை அதுதான்.

அவர் போன்றவர்கள் போட்ட பாலம் இடிந்துவிடவும் இல்லை. 1933இல் ரவூஃப் பேயும், 1935இல் அனடோலு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எழுத்தாளர் ஹாலிதே எதிப் அம்மையாரும் டாக்டர் அன்ஸாரியின் அழைப்பில் டெல்லி வந்து ஜாமிஆ மில்லியாவில் சொற்பொழிவாற்றினார்கள். 1912இல் கட்டுத்துணியோடு தொடங்கிய உறவு அத்தனை ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தது.

நம் வீட்டுப் பெட்டி

இன்று நம் பிள்ளைகளில் மருத்துவர்கள் இருக்கிறார்கள், செவிலியர்கள், பொறியாளர்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அகதி முகாம்களிலும் பஞ்சம் பாதித்த நாடுகளிலும் ஓரிரு ஆண்டுகள் பணியாற்ற விரும்புகிறோம் என்று அவர்களில் சிலர் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கும் பிள்ளையைக் கண்டு உம்மாவும் வாப்பாவும் அஞ்சுவது இயல்பு. உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே அனுப்பவும் வேண்டாம். உட்கார்ந்து பேசுங்கள்.

கடன் இருந்தால் முதலில் அடையுங்கள். உயிர்த் தியாகம் செய்தவருக்கும் கடன் மன்னிக்கப்படுவதில்லை என்பது ஹதீஸில் வருகிறது. அமானிதங்களை ஒப்படையுங்கள், வஸிய்யத் எழுதுங்கள். போகும் அமைப்பு சட்டப்படி இயங்குவதுதானா, அங்கே பொறுப்பாளர் யார் என்று விசாரியுங்கள். செய்யப்போகும் வேலையில் பயிற்சி இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சி இல்லாத தொண்டர், கஷ்டப்படும் மக்களுக்கு இன்னொரு சுமை. அந்த ஊர் மொழியில் கொஞ்சமாவது கற்றுக்கொண்டு போகச் சொல்லுங்கள். வீட்டு முதியோர்களை யார் பார்ப்பது என்பதை இங்கே இருக்கும் சகோதர சகோதரிகள் வாய்விட்டுப் பேசிப் பொறுப்பெடுக்கட்டும்.

இவ்வளவும் ஆன பிறகு, அந்தப் பிள்ளை தனக்குப் பிரியமான ஏதாவது ஒன்றைத் தானே விற்று, அந்தப் பணத்தையும் பயணச் செலவில் சேர்க்கட்டும். கைபேசியாக இருக்கலாம், இருசக்கர வாகனமாக இருக்கலாம். விற்கும்போது கை நடுங்கினால் இன்னும் ஆறு மாதம் பொறுத்திருக்கட்டும். அதில் வெட்கம் இல்லை. நடுங்காமல் விற்றால், ஸலாம் சொல்லி, துஆ செய்து, வாசல்வரை வந்து வழியனுப்புங்கள்.

மர்ஹூம் அப்துர் ரஹ்மான் பெஷாவரி அவர்களுடைய பணிகளை அல்லாஹ் ஏற்று, பிழைகளை மன்னித்து, கபுரை ஒளியாக்குவானாக. அவரை இழந்து வாழ்ந்த அந்தக் குடும்பத்தாருக்கும் நிறைவான கூலி வழங்குவானாக. நம் பிள்ளைகளில், எங்கே இருந்தாலும் பிறருக்குப் பயன்படுகிறவர்களை உருவாக்குவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.